கொழுப்பு மாத்திரையும் இரவுச் சாப்பாடும்

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின் போடுவதா என்ற கேள்விக்கு எல்லா மாத்திரைக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. லோவாஸ்டாட்டினுக்குச் சாப்பாடு வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டினுக்குச் சாப்பாடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஜெம்ஃபைப்ரோசிலைச் சாப்பிட உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். ஃபீனோஃபைப்ரேட் என்று ஒரே பெயரில் விற்கும் இரண்டு மாத்திரைகளில் ஒன்று சாப்பாடு கேட்கும், மற்றது கேட்காது. மருந்துக்கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு, மேலே ‘இரவு, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதிக் கொடுக்கும்போது இத்தனை வேறுபாடும் அந்த ஒரு குறிப்புக்குள் மறைந்துபோகிறது. மருத்துவரின் சீட்டில் 0-0-1 என்று இருக்கும். காலை இல்லை, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது அதன் பொருள். அது வேளையைச் சொல்கிறது. வயிறு நிறைந்திருக்க வேண்டுமா, காலியாக இருக்க வேண்டுமா என்பதைச் சொல்வதில்லை.

‘கொழுப்பு மாத்திரை’ என்று மக்கள் வைத்திருக்கும் பெயர் இன்னொரு குழப்பத்தையும் கூட்டிவிடுகிறது. செரிமான மாத்திரை சாப்பிட்டதைச் செரிக்க வைப்பதுபோல, இந்த மாத்திரை அன்று சாப்பிட்ட ஆட்டுக்கறியின் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அதனால் விருந்துக்குப் போன நாளில் மறக்காமல் போடுவார்கள். ரசம் சாதத்தோடு முடித்துக்கொண்ட நாளில் ‘இன்றைக்கு எதற்கு?’ என்று விட்டுவிடுவார்கள். லோவாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் அப்படி வேலை செய்வதில்லை. உடலில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி உடலே உண்டாக்கிக்கொள்வது. கல்லீரலில் அந்த உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஸ்டாட்டின் போய் அந்த நொதியைத் தடுக்கிறது. உள்ளே உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல்கள் தங்கள் மேற்பரப்பில் கூடுதலான ஏற்பிகளை விரித்து, இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இரு அமெரிக்க மருத்துவ அறிவியலாளர்களுக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவு முழுதும், மறுநாள் முழுதும் கல்லீரலில் ஓசையில்லாமல் நடக்கும் வேலை இது. அன்றைய தட்டில் என்ன இருந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பு வேறிடத்தில், குடலில் இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிய மாத்திரை இரைப்பையில் அதிக நேரம் தங்காது. சீக்கிரமே சிறுகுடலுக்குள் இறங்கிவிடும். உணவு இருந்தால், அதிலும் எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவாக இருந்தால், இரைப்பை தன் வாசலை மெதுவாகத்தான் திறக்கும். மாத்திரை உணவோடு கலந்து, தாமதமாகக் குடலை அடையும். அதே வேளையில் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைச் சிறுகுடலில் கொட்டும். பித்தநீர் ஏறக்குறைய சோப்புத் தண்ணீரைப் போன்றது. தண்ணீரில் கரையாத பொருள்களையும் சிறுசிறு துளிகளாக்கிக் குடல் சுவர் உறிஞ்சத் தக்கதாக மாற்றிவிடும். ஆகவே தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துக்குச் சாப்பாடு துணை. தானாகவே நன்றாகக் கரையும் மருந்துக்கு அந்தத் துணை வேண்டியதில்லை. உணவு அதன் வழியை மறிக்கவும் கூடும்.

ஸ்டாட்டின்களின் கதை ஒரு பூஞ்சையில் தொடங்குகிறது. தோக்கியோவில் சாங்கியோ என்ற மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ, 1971இல் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பூஞ்சைகளிடையே தேடத் தொடங்கினார். பூஞ்சைகள் தங்களோடு போட்டியிடும் நுண்ணுயிர்களை ஒடுக்க இப்படி ஏதாவது ஒன்றைச் சுரக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். பென்சிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டெடுத்த வரலாறு இளமையிலேயே அவர் மனத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்த பிறகு விடை அகப்பட்டது. கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து 1973இல் மெவாஸ்டாட்டின் பிரிந்து வந்தது. அந்த மருந்து சந்தைக்கு வரவில்லை. அதைப் பின்பற்றி, வேறொரு பூஞ்சையிலிருந்து மெர்க் நிறுவனம் எடுத்த லோவாஸ்டாட்டின்தான் 1987 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் ஆயிற்று.

உணவைப் பற்றிய விதியும் அந்த முதல் மாத்திரையோடுதான் பிறந்தது. லோவாஸ்டாட்டின் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெறும் வயிற்றில் போட்டால் இரத்தத்தில் சேரும் அளவு, சாப்பிட்ட உடனே போடும்போது சேர்வதில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். எந்தச் சாப்பாட்டோடு? அதற்கும் காரணத்தோடுதான் விடை சொன்னார்கள். கல்லீரல் பகலைவிட இரவில், குறிப்பாக நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், அதிகமாகக் கொலஸ்ட்ராலை உண்டாக்குகிறது. லோவாஸ்டாட்டினோ சில மணி நேரத்திலேயே உடலைவிட்டு நீங்கிவிடும் மருந்து. காலையில் போட்டால், உற்பத்தி உச்சத்தில் இருக்கும் இரவு வேளையில் அது வலுவிழந்திருக்கும். அதனால் நாளுக்கு ஒரே வேளை மருந்தாகக் கொடுக்கும்போது ‘இரவுச் சாப்பாட்டோடு’ என்ற வழக்கம் ஏற்பட்டது. பின்னால் வந்த மருந்துகள் வேறு இயல்புடையவை. ஆனாலும் மூத்த பிள்ளைக்குச் சொன்ன விதியை வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகள்மீதும் போட்டதுபோல, அந்த வழக்கம் ஸ்டாட்டின் குடும்பம் முழுவதன்மீதும் படிந்துவிட்டது.

லோவாஸ்டாட்டினுக்குள்ளேயே ஒரு விலக்கு உண்டு. மருந்தை மெதுவாக வெளிவிடும்படி தயாரித்த நீடித்த வெளியீட்டு மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்தால், உடலில் சேரும் அளவு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. ஆகவே அதைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். மருந்து ஒன்றே, அதைக் கட்டிய விதம் மாறியதும் விதி தலைகீழாகிவிட்டது. இந்த மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

அடுத்து வந்த சிம்வாஸ்டாட்டின் உணவைப் பொருட்படுத்தாது. ஆனால் இரவைப் பொருட்படுத்தும். 4,444 இதய நோயாளிகளிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 1994இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், இறப்பு விகிதத்தை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்துக் காட்டிய மருந்து இதுதான். ஸ்டாட்டின்கள் உயிரைக் காக்கின்றனவா என்ற ஐயம் அதோடு ஒரு முடிவுக்கு வந்தது. இது உடலில் தங்கும் காலமும் குறைவு. இங்கிலாந்தில் 60 பேரை வைத்து நடத்திய சிறிய சோதனையில், இரவில் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் காலைக்கு மாற்றியபோது, எட்டு வாரத்தில் எல்.டி.எல். டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஏறியது. பெரிய ஏற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய ஏற்றம். பிரவாஸ்டாட்டின், ஃப்ளூவாஸ்டாட்டின் இரண்டும் குறைந்த நேரமே உடலில் நிற்பவை. உணவோடு எடுத்தால் பிரவாஸ்டாட்டின் இரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. இருந்தும் கொலஸ்ட்ரால் குறைவதில் வேறுபாடு தெரியவில்லை என்பதால், இதையும் உணவோடோ உணவின்றியோ எடுக்கலாம் என்றே எழுதியிருக்கிறார்கள்.

இந்தியாவில் இப்போது பெரும்பாலான சீட்டுகளில் வருவது அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும்தான். அட்டோர்வாஸ்டாட்டினைச் சாப்பாட்டோடு எடுத்தால், இரத்தத்தில் அது எட்டும் உச்ச அளவு சுமார் 25 சதவீதம் தாழ்கிறது. மொத்தமாகச் சேரும் அளவு 9 சதவீதம் குறைகிறது. ரோசுவாஸ்டாட்டினுக்கு உச்சம் 20 சதவீதம் தாழ்கிறது. மொத்த அளவு குறைவதே இல்லை. இந்த எண்களைப் பார்ப்பவருக்கு ‘கால் பங்கு மருந்து வீணாகிறதே, வெறும் வயிற்றில் போட்டால் நல்லதுதானே’ என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலில் ஸ்டாட்டின்களின் விந்தையான இயல்பு ஒன்று இருக்கிறது.

ஸ்டாட்டினின் அளவை இரண்டு மடங்காக்கினால் பலன் இரண்டு மடங்காகாது. ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம் அளவுக்கே இறங்கும். மருத்துவர்கள் இதை ‘ஆறின் விதி’ என்கிறார்கள். ஒருவருடைய எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் அதைக் கிட்டத்தட்ட 100க்குக் கொண்டுவரும். மாத்திரையை 20 மில்லிகிராமாக உயர்த்தினால் 90ஐ எட்டலாம். முழுதாக ஒரு மடங்கு மருந்து கூடியும் கிடைத்தது 10 மில்லிகிராம் இறக்கம்தான். அப்படியிருக்க, சாப்பாட்டால் குறையும் 9 சதவீதம் எந்த மூலைக்கு? கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு மில்லிகிராம் வரும். ஒரே ஆளின் இரத்தத்தை இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்துப் பார்த்தாலே அதைவிட அதிக வேறுபாடு தெரியும். மாத்திரை போட்ட நான்கு வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில், சாப்பிட்டுவிட்டுப் போட்டவரையும் சாப்பிடாமல் போட்டவரையும் பிரித்துக் காண முடியாமல் போவது இதனால்தான். லோவாஸ்டாட்டினில் நிலைமை வேறு. மூன்றில் ஒரு பங்கு போனால், அதே கணக்கில் மூன்று, நான்கு சதவீதம் பலன் கைவிட்டுப் போகும். அதனால்தான் அங்கே சாப்பாட்டை வற்புறுத்தினார்கள்.

இரத்தத்தில் உள்ள அளவை வைத்து ஸ்டாட்டினின் வேலையை எடைபோடுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடலிலிருந்து உறிஞ்சப்படும் மருந்து நேரே உடலெங்கும் பரவுவதில்லை. முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஸ்டாட்டின் வேலை செய்ய வேண்டிய இடமும் அதுவே. கல்லீரல் தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொண்ட பிறகு மிச்சம் மீதிதான் பொது இரத்த ஓட்டத்துக்கு வருகிறது. அட்டோர்வாஸ்டாட்டினில் அது விழுங்கிய அளவில் சுமார் 14 சதவீதம். சிம்வாஸ்டாட்டினில் 5 சதவீதத்துக்கும் கீழே. இரத்தத்தில் மருந்து குறைந்திருக்கிறது என்பதால் கல்லீரலுக்குக் குறைவாகப் போயிற்று என்று முடிவுகட்ட முடியாது.

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டுக்கும் இரவு என்ற கட்டாயமும் இல்லை. அட்டோர்வாஸ்டாட்டினின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 14 மணி. கல்லீரலில் அது மாறி உண்டாகும் பொருள்களும் வேலை செய்வதால் அதன் தடுப்பாற்றல் இன்னும் நீள்கிறது. ரோசுவாஸ்டாட்டினுக்கு 19 மணி நேரம். காலை எட்டு மணிக்குப் போட்டாலும் நள்ளிரவில் கல்லீரலில் காவல் இருக்கும். காலையில் இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்துப் போட்டால்தான் மறக்காது என்பவர், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்படி மாற்றிக்கொள்ளலாம். எந்த நேரம் என்பதைவிட, தினமும் அதே நேரம் என்பதுதான் இங்கே எடை கூடியது. கொலஸ்ட்ரால் கூடியிருப்பது வலிக்காது, தலை சுற்றாது. மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. அதனாலேயே இடையில் கைவிடப்படும் மருந்துகளில் ஸ்டாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. சாப்பிடாமல் போட்டுவிட்டோமே என்று கவலைப்பட்டு ஒரு வேளையைத் தவறவிடுவது, சாப்பிடாமல் போடுவதைவிடக் கூடுதல் நட்டம்.

பிறகு ஏன் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று உறையில் எழுதுகிறார்கள்? ஒரு காரணம், நம் ஊரில் ஸ்டாட்டின் பல நேரம் தனியாக வருவதில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஆஸ்பிரினும் ரோசுவாஸ்டாட்டினும், சிலவற்றில் குளோபிடோக்ரெலும் சேர்த்து, ஒரே கேப்சூலாகக் கொடுப்பது வழக்கம். ஆஸ்பிரின் இரைப்பைச் சுவரை உறுத்தும். அதற்காகச் சாப்பிட்டபின் போடச் சொல்லும் எச்சரிக்கை, கூட வரும் ஸ்டாட்டினுக்கும் சேர்ந்துவிடுகிறது. இன்னொரு காரணம், ஸ்டாட்டின் தொடங்கிய புதிதில் சிலருக்கு வயிற்றுப் பொருமலோ குமட்டலோ வருவதுண்டு. உணவுக்குப் பிறகு போட்டால் அது தணியும். மூன்றாவது காரணமும் எளியது. இரவுச் சாப்பாடு தினமும் நடக்கும் ஒன்று. தட்டு கழுவி வைத்த கையோடு மாத்திரை என்று பழக்கிக்கொண்டால் மறதி குறையும். இவையெல்லாம் நல்ல காரணங்களே. ஆனால் மருந்து வேலை செய்வதற்கு உணவு நிபந்தனை என்பது அவற்றில் இல்லை.

பொதுவாகச் சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்றாலும், குறிப்பிட்ட சில பொருள்களை அப்படி விட முடியாது. அவற்றில் முதலாவது கிரேப்ஃப்ரூட் பழச்சாறு. இதன் குணம் தெரியவந்ததே தற்செயலாகத்தான். கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளர் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு வந்தவர்களுக்கு மதுவின் சுவை தெரியாமல் இருக்க அதைக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். எதிர்பார்த்ததைவிட மருந்தின் அளவு இரத்தத்தில் பலமடங்கு ஏறியது. தேடிப் பார்த்ததில் ஏற்றியது மது அல்ல, பழச்சாறு என்று தெரிந்தது. 1989இல் அது வெளிவந்தது. குடல் சுவரில் மருந்துகளைச் சிதைத்து வடிகட்டும் நொதி ஒன்று உண்டு. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள வேதிப்பொருள்கள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. குடல் புதிதாக நொதியை உண்டாக்க ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அதனால் காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று இடைவெளி விட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது.

சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டும் இந்த நொதியை நம்பியிருப்பவை. அடர்த்தியான சாற்றை நாள்தோறும் மூன்று வேளை குடிக்கச் செய்து பார்த்த ஆய்வுகளில் இவற்றின் அளவு பத்து மடங்குக்கும் மேல் எகிறியது. ஸ்டாட்டின் அளவுக்கு மீறினால் தசை நோகும்; அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகம் கெடும் நிலைகூட வரலாம். ஆகவே சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர் இந்தப் பழத்தை அறவே விட்டுவிட வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர் லிட்டர் கணக்கில் குடிக்காமல் இருந்தால் போதும். ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குத் தடையில்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிரேப்ஃப்ரூட் அதிகம் வருவதில்லை. ஆனால் அதன் தாய் மரமான பம்ப்ளிமாஸ் இங்கே பழைய பழம். அதே வகை வேதிப்பொருள்கள் அதிலும் இருப்பதால், சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது. ரசத்தில் பிழியும் எலுமிச்சைக்கோ சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கோ இந்த எச்சரிக்கை கிடையாது.

இரண்டாவது, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம். இரவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ரோசுவாஸ்டாட்டினை வாயில் போட்டு, எரிகிறதே என்று பாட்டிலைத் திறந்து இரண்டு மூடி குடிப்பது பல வீடுகளில் நடப்பதுதான். அந்தத் திரவத்தில் உள்ள அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் ரோசுவாஸ்டாட்டினின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆன்டாசிட் குடித்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இராது. அட்டோர்வாஸ்டாட்டினின் அளவும் ஆன்டாசிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆனால் எல்.டி.எல். இறக்கத்தில் மாற்றம் தெரியவில்லை.

மூன்றாவது, நார்ச்சத்துத் தூள். மலச்சிக்கலுக்காக இரவில் படுக்கும்முன் இசப்கோல் கலக்கிக் குடிப்பவர்கள் நிறைய. மாத்திரை வேளையும் அதுவே. கூழாகப் பெருகும் நார் மருந்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். லோவாஸ்டாட்டினோடு பெக்டினையோ ஓட்ஸ் தவிட்டையோ சேர்த்து எடுத்த சிலருக்கு, இறங்கியிருந்த எல்.டி.எல். மறுபடி ஏறியதைக் கண்டிருக்கிறார்கள். தவிட்டை நிறுத்தியதும் திரும்ப இறங்கியது. நார் தன்னளவில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் நல்ல பொருள்தான். இரண்டையும் ஒரே டம்ளரில் சந்திக்கவிடாமல், இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தால் போதும்.

ஸ்டாட்டின் அல்லாத மருந்துகளுக்கு வந்தால் எஸெட்டிமைப் ஒன்றுதான் வியப்பூட்டுகிறது. குடல் சுவர் கொலஸ்ட்ராலை உறிஞ்சாமல் தடுப்பதே இதன் வேலை என்பதால், இதையாவது சாப்பாட்டோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இதற்கும் சாப்பாட்டு விதி கிடையாது. குடலுக்குள் வரும் கொலஸ்ட்ராலில் உணவு கொண்டுவருவது சிறுபங்கு. பெரும்பங்கு கல்லீரல் பித்தநீர் வழியாக ஊற்றுவது. எஸெட்டிமைபோ குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் முழுதும் குடல் சுவரில் நிற்கும். எனவே எப்போது போட்டாலும் எல்லா வேளைக்கும் அது காவல். பிற்காலத்தில் வந்த பெம்பிடோயிக் அமிலத்துக்கும் உணவுக் கட்டுப்பாடு இல்லை.

சாப்பாட்டைக் கேட்டுத்தான் ஆக வேண்டிய மருந்து என்றால் ஃபீனோஃபைப்ரேட். இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுந்தவர்களுக்குக் கொடுப்பது. கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையவே கரையாத தூள் இது. மருந்து தயாரிப்பாளர்கள் முப்பது ஆண்டுகளாக இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். முதலில் 300 மில்லிகிராம் கேப்சூலாக வந்தது. தூளை மைக்ரான் அளவுக்கு நுணுக்கியதும் 200 மில்லிகிராமே போதும் என்றாயிற்று. அப்போதும் சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சப்படும் அளவு 35 சதவீதம் கூடியது. பிறகு துகளை நானோ அளவுக்கு அரைத்தார்கள். 145 மில்லிகிராமே பழைய 200க்கு ஈடாயிற்று. துகள் அவ்வளவு சிறியதாகிவிட்டதால் பித்தநீரின் உதவியும் தேவைப்படவில்லை. இன்று மருந்துக்கடையில் இந்த வகைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 145 என்று போட்ட நானோ மாத்திரையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 160 என்றோ 200 என்றோ போட்டிருப்பவற்றில் பலவற்றை வெறும் வயிற்றில் போட்டால் பணத்தில் ஒரு பகுதி கழிவோடு போகும். இந்த ஒரு மருந்தில் பெயரைவிட எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அதே குடும்பத்து ஜெம்ஃபைப்ரோசிலை, காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் அரை மணி நேரம் முன்பாக, நாளுக்கு இரண்டு வேளை எடுக்க வேண்டும். இதை ஸ்டாட்டினோடு சேர்ப்பது ஆபத்து. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 2001இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. தசைச் சிதைவால் ஏற்பட்ட மரணங்களே காரணம், இறந்தவர்களில் பலர் ஜெம்ஃபைப்ரோசிலையும் சேர்த்து எடுத்தவர்கள்.

கொலஸ்டைரமின், கொலிசெவெலாம் போன்ற பித்தப் பிணைப்பு மருந்துகள் உடலுக்குள் உறிஞ்சப்படுவதே இல்லை. குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு கழிவோடு வெளியேறுவதே அவற்றின் வேலை. வழக்கமாகப் பித்த அமிலங்களில் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும். திரும்பாவிட்டால், புதிதாக உண்டாக்கக் கல்லீரல் தன் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கும். பித்தநீர் கொட்டுவது சாப்பிடும்போது; ஆகவே இந்த மருந்துகளையும் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். கொலஸ்டைரமின் தூளை உலர்ந்தபடி வாயில் போடக் கூடாது. தண்ணீரிலோ பழச்சாற்றிலோ நன்றாகக் கலக்கிக் குடிக்க வேண்டும். இது பித்த அமிலத்தோடு மற்ற மாத்திரைகளையும் பற்றிக்கொள்ளும். அதனால் மற்ற மருந்துகளை ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுக்கச் சொல்வார்கள்.

நியாசின் இப்போது அபூர்வமாகவே எழுதப்படுகிறது. வெறும் வயிற்றில் போட்டால் முகமும் கழுத்தும் சிவந்து தீப்பற்றியதுபோல் எரியும். எனவே படுக்கும்முன், கொழுப்புக் குறைந்த சிற்றுண்டியோடு, சூடான பானமும் காரமும் தவிர்த்து எடுக்க வேண்டும். ட்ரைகிளிசரைடைக் குறைக்கக் கொடுக்கும் ஒமேகா-3 எத்தில் எஸ்டர் கேப்சூலின் எண்ணெயை உடைத்து உறிஞ்சக் கணையத்தின் கொழுப்பு நொதி வேண்டும். அது சுரக்க உணவில் ஓரளவாவது எண்ணெய் இருக்க வேண்டும். பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயின் கடும் வடிவத்துக்குக் கொடுக்கும் லோமிடாபைடு நேர் எதிர். குடலில் கொழுப்பு இருக்கும்போது அது போய்ச் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரமாவது கழித்தே போட வேண்டும். இரண்டு வாரத்துக்கொருமுறையும் ஆறு மாதத்துக்கொருமுறையும் தோலுக்கடியில் போடும் புதிய ஊசிகளுக்கு வயிற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை.

விரத நாட்களைப் பற்றிய ஐயம் அடிக்கடி எழுகிறது. சஷ்டிக்கோ ஏகாதசிக்கோ ஒரு நாள் பட்டினி இருப்பவர், அட்டோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் தண்ணீரோடு வழக்கம்போல் எடுக்கலாம். ரமலான் மாதத்தில் நோன்பு நோற்பவர் நோன்பு திறந்தபின் போட்டுக்கொண்டால் ஒரு நாள்கூட விட்டுப்போகாது. இரவில் எடுக்க வேண்டிய சிம்வாஸ்டாட்டினுக்கும் அது பொருந்தும். ஆஸ்பிரின் சேர்ந்த கேப்சூலோ உணவு தேவைப்படும் ஃபீனோஃபைப்ரேட்டோ இருந்தால், முழுப் பட்டினி நாளில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனைக்கு 12 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொன்னால், முந்தின இரவு மாத்திரையையும் விட்டுவிட வேண்டும் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். பட்டினி கேட்பது ட்ரைகிளிசரைடு அளவுக்காக. மாத்திரை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்ப்பதே பரிசோதனையின் நோக்கம் என்பதால், மருத்துவர் நிறுத்தச் சொன்னாலன்றி அதை வழக்கம்போல் போட வேண்டும்.

ஓரிரவு மறந்துபோனால், மறுநாள் காலையில் நினைவு வந்ததும் அட்டோர்வாஸ்டாட்டினையோ ரோசுவாஸ்டாட்டினையோ போட்டுக்கொள்ளலாம், வயிறு எப்படி இருந்தாலும். அடுத்த வேளை நெருங்கிய பிறகு நினைவு வந்தால் விட்டதை விட்டுவிட்டு அன்றைய ஒன்றை மட்டும் போட வேண்டும். ஈடுகட்டுவதற்காக இரண்டாகப் போடக் கூடாது.